பேச்சும் ஒரு மருந்து

(நூலக வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

மனநலத்தைப் பற்றி நான் எந்த ஊரில் பேசினாலும், கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிய பிறகு, ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்து, சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, "என் நண்பர் ஒருவருக்காகக் கேட்கிறேன்" என்ற முன்னுரையோடு ஒரு கேள்வி கேட்பது வழக்கமாகிவிட்டது. அக்கேள்வி நோயைப் பற்றியதன்று, மருந்தைப் பற்றியதுமன்று. "அங்கே போனால் உள்ளே என்ன செய்வார்கள்?" என்பதே அது. ஒரு மணி நேரம் மேடையில் பேசியும் இந்த ஒரு வினாவுக்கு விடை சொல்லாமல் இறங்கிவிட்டோமே என்று ஒவ்வொரு முறையும் என் மனம் உறுத்தும். ஆகையால் இன்று, நோய்களின் பெயர்களையும் அவற்றின் இலக்கணங்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, மனநல ஆலோசகரிடம் முதன்முதலாகச் செல்லும் ஒருவர் அங்கே எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பதை மட்டுமே சொல்வதென்று தீர்மானித்து வந்திருக்கிறேன்.

பல் வலித்தால் பல் வைத்தியரிடம் போகிறோம். அங்கே நாற்காலியில் சாய்த்து உட்காரவைப்பார்கள், விளக்கைப் போடுவார்கள், வாயைத் திறக்கச் சொல்வார்கள் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். மனம் வலித்தால் மட்டும் கால் எழுவதில்லை. இதற்குக் காரணம் நம்முடைய சரித்திரத்திலேயே இருக்கிறது. சென்னையில் 1794-ஆம் ஆண்டு மனநோயாளருக்கென ஒரு காப்பகம் தொடங்கப்பெற்று, 1871-இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. அந்நாளில் உலகெங்கும் இத்தகைய ஸ்தாபனங்கள் வைத்தியசாலைகளாக இருந்ததைக் காட்டிலும், மதில் சூழ்ந்த அடைப்பிடங்களாகவே இருந்தன. மதிலுக்கு வெளியே நடமாடியவர்கள் உள்ளே நடப்பதை அறியவில்லை. அறியாத இடத்தில் அச்சம் குடிபுகுந்தது. அச்சம் நாளடைவில் பரிகாசமாக மாறிற்று. எத்தனையோ குடும்பங்கள் சகஜமாக வாழ்ந்துவரும் ஒரு பேட்டையின் பெயரையே வசைச் சொல்லாக்கி, "இவனைக் கீழ்ப்பாக்கத்தில் கொண்டு போய்ச் சேர்" என்று சொல்லிச் சிரிக்கும் கொடிய பழக்கம் நம்மிடையே வேரூன்றியது. அதே மருத்துவமனையில் 1961-இல் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்பெறும் அப்பெருமாட்டி, மனநல வைத்தியம் மதிலுக்குள் அடங்கிக் கிடக்கலாகாது என்பதற்காகத் தம் ஆயுள் முழுவதும் பாடுபட்டார். ஓய்வுபெற்ற பின்னரும் ஓயாமல் 1984-இல் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் தோற்றுவித்தார். அவரைப் போன்றோரின் உழைப்பால் இன்று மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆயினும் அந்தப் பழைய மதிலின் நிழல் நம் நெஞ்சை விட்டு இன்னும் அகலவில்லை. அந்த நிழலுக்கு அஞ்சித்தான், 'நண்பருக்காக' என்று சொல்லிக் கேட்க நேருகிறது.

பேச்சினால் பிணி தீர்க்கலாம் என்ற எண்ணம் வைத்திய உலகில் எவ்வாறு புகுந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வியன்னா நகரத்தில் 1880-ஆம் ஆண்டு முதல் 1882-ஆம் ஆண்டு வரை யோசெப் பிராயர் என்ற வைத்தியர் ஓர் இளம் பெண்ணுக்குச் சிகிச்சை செய்துவந்தார். கை கால்கள் மரத்துப்போவதும், தாய்மொழியே மறந்து போவதுமாக அவள் அவதியுற்றாள். மாலை வேளைகளில் மனத்தில் தோன்றுவதையெல்லாம் அவள் சொல்ல, வைத்தியர் பொறுமையாகக் கேட்டிருக்க, சொல்லி முடித்தபோது அவளுக்குச் சற்றே நிம்மதி உண்டாயிற்று. அதற்குப் 'பேச்சு வைத்தியம்' என்ற பொருள்படும் பெயரைச் சூட்டியவள் அந்தப் பெண்ணே. பிராயரும் சிக்மண்ட் ஃபிராய்டும் சேர்ந்து 1895-இல் வெளியிட்ட நூல் இந்த வரலாற்றை உலகறியச் செய்தது. அன்பர்களே, இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இந்த வைத்தியத்துக்குப் பெயர் வைத்தது வைத்தியர் அல்லர், நோயாளி என்பது ஒன்று. அப்பெண் உடனே பூரண குணமடைந்துவிடவில்லை, பின்னரும் சில காலம் மருத்துவ விடுதிகளில் தங்க நேர்ந்தது என்பது மற்றொன்று. ஆனால் பெர்த்தா பப்பன்ஹைம் என்ற அந்தப் பெண்மணி பிற்காலத்தில் யூதப் பெண்களின் நலனுக்காக ஒரு பெரிய சங்கத்தையே 1904-இல் நிறுவித் தலைமை தாங்கி நடத்தினார். நம் நாட்டிலும் கல்கத்தாவில் கிரீந்திரசேகர போஸ் என்ற மருத்துவர் 1922-இலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிவிட்டார். ஆகவே இது நேற்று முளைத்த நாகரிகமன்று. நமக்கு அந்நியமான சரக்குமன்று.

இன்னும் சொல்லப்போனால், இந்த வைத்தியத்தின் உட்பொருளை விளங்கிக்கொள்ள நாம் வியன்னா வரை போக வேண்டுவதில்லை. வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில், வைத்தியத்துக்கு நான்கு அங்கங்கள் உண்டென்று சொல்லி, நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து துணைபுரிபவன் என்று வரிசைப்படுத்துகிறார். வைத்தியனை முதலில் வைக்கவில்லை. மருந்தையும் முதலில் வைக்கவில்லை. நோயுற்றவனையே முதலில் வைத்தார். நான் இன்று சொல்ல வந்ததெல்லாம் இந்த வரிசையில் அடங்கிவிடுகிறது. உடலுக்குச் செய்யும் வைத்தியத்தில் நோயாளி கண்ணை மூடிப் படுத்திருந்தாலும் அறுவை நடந்துவிடும். மனத்துக்குச் செய்யும் இந்த வைத்தியத்திலோ, வந்திருப்பவர் தாமே முன்வந்து பாடுபட்டாலொழிய ஆலோசகரால் ஓர் அணுவும் அசைக்க முடியாது.

இனி, முதல் நாளுக்கு வருவோம். முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு போக வேண்டும். பெயர், வயது, இதுவரை இருந்த நோய்கள், உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு படிவத்தில் எழுதச் சொல்வார்கள். தூக்கம், பசி, வேலை, குடும்பம், மது முதலிய பழக்கங்கள் பற்றிக் கேட்பார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதேனும் வந்ததுண்டா என்றும் நேராகவே கேட்பார்கள்; இந்த வினாவைக் கேட்டு யாரும் திடுக்கிட வேண்டாம், எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது; உண்மையைச் சொன்னால் உதவி விரைவாகக் கிடைக்கும். கடந்த இரண்டு வாரங்களில் மனம் எப்படி இருந்தது என்பதைப் பற்றிய ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வதும் உண்டு. தைராய்டு சுரப்பியின் குறைபாடும் இரத்தசோகையும் மனச்சோர்வைப் போலவே வேடமிட்டு வரக்கூடும் என்பதால், இரத்தப் பரிசோதனை செய்துவரச் சொன்னால் அதைத் தட்டிக் கழிக்கலாகாது. படுக்கவைத்து மயக்க நிலைக்குக் கொண்டுபோய் இரகசியங்களைப் பிடுங்குவதெல்லாம் சினிமாவில் நடப்பது. நாம் பார்க்கப்போகும் அறையில் பெரும்பாலும் இரண்டு நாற்காலிகளும் ஒரு கடிகாரமும் ஒரு குவளைத் தண்ணீருமே இருக்கும்.

இவ்விடத்தில், என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அவருடைய அனுமதி பெற்று, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே சொல்கிறேன். அவர் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டுதல், இப்போதே உயிர் போய்விடும் என்ற பயம்; இருதய வைத்தியர்கள் மூவரைப் பார்த்தாயிற்று; இருதயத்தில் கோளாறில்லை என்று மூவரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மைத்துனர் துணையோடு வந்தவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மஞ்சள் பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பை நிறைய ஈ.சி.ஜி. தாள்கள். ஒவ்வொன்றாக எடுத்து என் மேசையில் பரப்பினார். "இதையெல்லாம் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும், சார்" என்றார். "தாள்கள் இருக்கட்டும், எந்த நேரத்தில் அதிகமாகப் படபடக்கிறது?" என்று கேட்டேன். சற்று யோசித்து, "பதினோரு மணி வாக்கில், சார். மத்தியானம் ஆயிட்டா பரவாயில்லை" என்றார். "ஞாயிற்றுக்கிழமைகளில்?" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை ஒண்ணுமே இல்லை, சார்" என்று சொல்லியவர், தாம் சொன்னது தமக்கே புதிதாகப் பட்டதுபோல் ஒரு கணம் நிறுத்தினார். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அது போதும்.

மூன்றாம் வாரத்தில் அந்த மஞ்சள் பையின் அடியிலிருந்து, ஈ.சி.ஜி. தாள்களுக்கெல்லாம் கீழே இருந்து, பிரிக்கப்படாத ஒரு பதிவுத் தபால் உறை வெளியே வந்தது. நண்பர் ஒருவர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடனுக்கு அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நண்பர் தவணை கட்டாமல் ஊரை விட்டே போய்விட்டார். மனைவிக்கு இது தெரியாது. பள்ளிக்கூடத்துக்குத் தபால் வருவது பதினோரு மணிக்கு. தபால்களை வாங்கிப் பிரித்துத் தலைமை ஆசிரியர் மேசையில் வைக்கும் வேலை அவருடையது. சம்பளத்தில் பிடித்தம் செய்யச் சொல்லும் உத்தரவு எந்த நாளில் அந்தத் தபால் கட்டுக்குள் வந்துவிடுமோ என்று, மாதக்கணக்கில், தினந்தோறும் பதினோரு மணிக்கு அவருடைய நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

நான் அந்த உறையைப் பிரிக்கவில்லை. "பிரியுங்கள்" என்று புத்தி சொல்லவும் இல்லை. இங்கேதான் வருகிறவர்களுக்கு முதல் ஏமாற்றம் உண்டாகிறது. பணம் கொடுத்து வந்து உட்கார்ந்தால் நல்லதாக நாலு வார்த்தை அறிவுரை சொல்வார்கள் என்று எதிர்பார்த்து வருகிறார்கள். அறிவுரைக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. அது அண்டை வீட்டில் கிடைக்கிறது, பேருந்து நிறுத்தத்தில் கிடைக்கிறது. "கவலைப்படாதே", "கோயிலுக்குப் போ", "உனக்கென்ன குறை" என்று சொல்லாத உறவினர் உண்டா? கிடைக்காதது, குறுக்கிடாமல், குற்றம் சாட்டாமல், தன் கதையைத் தொடங்கிவிடாமல், முழுக் கவனத்தோடு கேட்கும் ஒரு செவி. அந்தச் செவியின் முன்னால் பேசும்போது, நம் சொற்களை நாமே முதன்முறையாகக் கேட்கிறோம். அந்த உறையைப் பிரித்தால் நேரக்கூடியவை என்னென்ன, பிரிக்காமலிருப்பதால் நேர்ந்துகொண்டிருப்பவை என்னென்ன என்று அவரும் நானுமாக ஒரு தாளில் எழுதினோம். ஐந்தாம் வாரச் சந்திப்புக்கு முந்தைய இரவில், தம் வீட்டுக் கூடத்தில், மனைவியை அருகில் உட்காரவைத்துக்கொண்டு அவரே அதைப் பிரித்தார். தொகை பெரியதுதான். ஆனால் அதற்கு ஓர் எண் இருந்தது. எண் இருந்ததால் தவணையாகப் பிரிக்க முடிந்தது. அச்சத்துக்கோ எண் இல்லை.

வள்ளுவர் சொன்ன மருந்து என்னும் மூன்றாவது அங்கம் இந்த வைத்தியத்தில் எது என்று கேட்பீர்கள். முறைகள் பல உண்டு. அமெரிக்காவில் கார்ல் ரோஜர்ஸ் என்பவர், ஆலோசகரின் மெய்யான பரிவும் ஒளிவுமறைவற்ற நேர்மையும் நிபந்தனையற்ற மதிப்புமே மனமாற்றத்துக்கு அடிப்படை என்று 1957-இல் எழுதினார். ஃபிலடெல்ஃபியாவில் ஆரன் பெக் என்பவர், துயரத்தின் நடுவே மின்னல்போல் ஓடிமறையும் எண்ணங்களைப் பிடித்து, அவை உண்மைதானா என்று சோதிக்கக் கற்றுக்கொடுக்கும் முறையை 1960-களில் வகுத்தார். இந்த இரண்டாம் முறையில் வீட்டுப்பாடம் கூட உண்டு; படபடப்பு வந்த நேரம், அப்போது எங்கே இருந்தோம், மனத்தில் என்ன ஓடிற்று என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவர வேண்டும். முறை எதுவாயினும், வந்தவருக்கும் ஆலோசகருக்கும் இடையே உண்டாகும் நம்பிக்கை இல்லையேல் எதுவும் பலிப்பதில்லை. வாரம் ஒருமுறை, ஐம்பது நிமிஷம் அல்லது அதையொட்டிய நேரம், அதே கிழமையில், அதே அறையில் சந்திப்பது என்ற ஒழுங்கே அந்த நம்பிக்கையை வளர்க்கும் பாத்தியாகும். ஒரே அமர்வில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எண்ணி வருபவர் ஏமாறுவார். பெக் வகுத்த முறையில் ஆறு முதல் இருபது அமர்வுகள் என்பது பொதுவான கணக்கு. நெடுநாளைய காயங்களுக்குக் காலம் இன்னும் கூடும்.

இடையில் சிலருக்கு ஒரு கட்டம் வரும். அதை முன்கூட்டியே சொல்லிவைப்பது என் கடமை. இரண்டு மூன்று அமர்வுகள் கழிந்ததும், போவதற்கு முன் இருந்ததைவிட மனம் கனத்திருப்பதாகத் தோன்றும். அழுகை வரும், வீடு திரும்பியதும் அலுப்பாக இருக்கும், 'இது நமக்கு ஒத்துவராது' என்று தோன்றும். பல்லாண்டு பூட்டிக்கிடந்த அறையைப் பெருக்கத் தொடங்கினால் முதலில் தூசிதானே எழும்பும்? அந்தச் சமயத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாமல், அந்தச் சலிப்பையே அடுத்த அமர்வில் ஆலோசகரிடம் எடுத்துச் சொல்லுங்கள். "சென்ற வாரம் நீங்கள் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்வதற்கும் அந்த அறையில் இடமுண்டு. நல்ல ஆலோசகர் அதைக் கேட்டு மனம் நோகமாட்டார். சில நோய்களுக்குப் பேச்சோடு மாத்திரையும் அவசியமாகும். மனச்சிதைவு போன்ற கடுமையான நோய்களுக்கு மாத்திரையே பிரதானம். அது தோல்வியின் அடையாளமன்று. ஆனால் மாத்திரை எழுதித் தர மருத்துவப் பட்டம் பெற்றவருக்கே உரிமை உண்டு; தொடங்கியதைத் தாமாக நிறுத்துவதும் கூடாது.

அந்தரங்கம் வெளியே போய்விடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த இரகசியக் காப்பை ஒவ்வொருவருடைய உரிமையாகவே வகுத்திருக்கிறது. மேலதிகாரி கேட்டாலும், மாமனார் கேட்டாலும், நீங்கள் சம்மதியாமல் சொல்ல இயலாது. உங்கள் உயிருக்கோ பிறருடைய உயிருக்கோ ஆபத்து நேரும் நிலை, நீதிமன்ற உத்தரவு, குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய சட்டக் கடமை முதலியவையே இதற்கு விலக்குகள். இவற்றை முதல் அமர்விலேயே ஆலோசகர் விளக்க வேண்டும். விளக்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

ஆலோசகரின் தகுதியைக் கேட்பதும் மரியாதைக் குறைவாகாது. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்புப் படித்தவர். மருத்துவ உளவியலாளர் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெயர்ப்பலகையை மட்டும் நம்பிப் போகலாகாது. ஒரே நாளில் குணப்படுத்துவதாக வாக்களிப்பவர், அறைக்கு வெளியே தனியே சந்திக்க அழைப்பவர், தொட்டுப் பேசுபவர், உங்கள் மதத்தையோ ஜாதியையோ ஒழுக்கத்தையோ இகழ்ந்து பேசுபவர், இவர்களிடமிருந்து உடனே விலகிவிடுங்கள். தகுதியுள்ளவரே ஆயினும் மனம் ஒன்றவில்லையென்றால் வேறொருவரை நாடலாம். அதனால் உங்கள் மேல் குறையுமில்லை, அவர் மேல் குறையுமில்லை. பணத்துக்கு வழியில்லாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள மனநலப் பிரிவுகளுக்குத் தயங்காமல் செல்லலாம்.

கடைசியாக நான்காவது அங்கம்: அருகிலிருந்து துணைபுரிபவர். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் தன் மனநல மையத்தைத் தொடங்கியபோது, நோயாளியைத் தனியே விட்டுச் செல்லக் கூடாது, உறவினர் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்ற முறையைக் கைக்கொண்டது. மேலைநாடுகளில் நோயாளியை வீட்டிலிருந்து பிரித்துவைப்பதே வழக்கமாயிருந்த காலத்தில், நம் குடும்பத்தின் பலத்தையே வைத்தியத்துக்குத் துணையாக்கிய பெருமை அந்த மையத்துக்கு உண்டு. குடும்பத்தாருக்கு நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் ஆலோசனைக்குப் போய்த் திரும்பும்போது, வாசற்படியிலேயே நிறுத்தி, "என்ன சொன்னே? என்ன சொன்னாங்க?" என்று விசாரிக்காதீர்கள். "சாப்பிடலாம், வா" என்று கூப்பிடுங்கள். சொல்ல வேண்டியதை, சொல்ல வேண்டிய நாளில் அவரே சொல்வார். அந்த எழுத்தரின் மனைவி, உறையில் இருந்ததைப் பார்த்தபின், "இவ்வளவு நாள் இதைத் தனியாவா தூக்கிட்டு இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாராம். நான் பதினான்கு அமர்வுகளில் செய்ததற்கு அந்த ஒரு வார்த்தை குறைந்ததன்று.

பதினான்காவது அமர்வோடு அவருடைய சிகிச்சை முடிந்தது. முடிவு என்பதும் இந்த வைத்தியத்தின் ஓர் அங்கம். ஆயுள் முழுவதும் யாரும் வந்துகொண்டிருக்க வேண்டுவதில்லை. கடன் தீர்ந்துவிடவில்லை, மாதந்தோறும் தவணை கட்டிவருகிறார். பதினோரு மணிக்குத் தபால்காரர் வந்தால் நெஞ்சு இன்னும் ஒருமுறை திடுக்கிடுகிறது என்றும், பிறகு தபாலை வாங்கிப் பிரித்துவிடுவதாகவும் சொன்னார். அன்று அவர் மஞ்சள் பை கொண்டுவரவில்லை.

அன்பர்களே, இங்கே வந்திருப்பவர்களில் சிலர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து பேச எண்ணியிருக்கலாம். வாருங்கள், நண்பருக்காக என்று சொல்லாமல் உங்களுக்காகவே கேளுங்கள். வர மனமில்லாதவர்கள், 2022-ஆம் ஆண்டு முதல் மத்திய அரசு நடத்திவரும் 'டெலி மனாஸ்' சேவையின் 14416 என்ற எண்ணை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உயிரை விடும் எண்ணம் எழுந்தவர்கள் நாளை என்று ஒத்திப்போடாமல், அருகில் இருப்பவரிடம் இன்றே சொல்லிவிட வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இன்றே போக வேண்டும். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த ஊரில் இனி எவரையும் ஒரு பேட்டையின் பெயரைச் சொல்லிப் பரிகசிக்காதீர்கள். அந்தப் பரிகாசம் காதில் விழும் இடத்தில், உதவி தேடிப் புறப்பட்ட ஒருவர் நின்றுகொண்டிருக்கலாம்.